அறிமுகமும் ஒரு சொத்து

திருமங்கலத்தில் நின்றால் நான்கு பக்கமும் பேருந்து கிடைக்கும். வடக்கே மதுரை, தெற்கே விருதுநகர், மேற்கே உசிலம்பட்டி, தென்மேற்கே டி.கல்லுப்பட்டி வழியாக ராஜபாளையம். காலை ஏழு மணி தொடங்கி எட்டரை வரை இந்தச் சாலைகளில் கல்லூரிப் பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டே இருக்கும். 1957-இல் கருமுத்து தியாகராசச் செட்டியார் திருப்பரங்குன்றத்தில் தொடங்கிய தியாகராசர் பொறியியல் கல்லூரிதான் இந்தப் பக்கத்தில் முதலில் வந்தது. 1984-இல் சிவகாசியிலும் கிருஷ்ணன்கோவிலிலும், 1990-களில் பொட்டப்பாளையம், காரியாபட்டி, விருதுநகர் பக்கங்களிலும் கல்லூரிகள் வந்தன. ஒரு காலத்தில் பி.இ. படிக்கக் கோவைக்கோ சென்னைக்கோ பெட்டி கட்ட வேண்டியிருந்தது. இன்று வீட்டுச் சோற்றை டப்பாவில் அடைத்துக்கொண்டு போய்ப் படித்துவிட்டுச் சாயங்காலம் திரும்பிவிடுகிறார்கள்.

அந்தப் பேருந்துகளில் போகிறவர்களை எனக்கு நன்றாகத் தெரியும். மின்னியல் துறை ஆசிரியராக இருந்த காலம் முழுவதும் மாணவர் மன்றங்களுக்குப் பொறுப்பாசிரியராகவும் இருந்தேன். ஓய்வுக்குப் பிறகு, இந்த வட்டாரக் கல்லூரிகளின் மன்ற வாலண்டியர்களுக்கு வார இறுதிகளில் பயிற்சி நடத்துகிறேன். விடியற்காலையில் மல்லிகை பறித்துக் கொடுத்துவிட்டுக் கல்லூரிக்கு வரும் பெண், மில்லில் ஷிப்ட் பார்க்கும் அப்பாவின் மகன், பேரையூர்ப் பக்கத்துக் கரிசலில் பருத்தியும் மக்காச்சோளமும் போடும் வீட்டுப் பையன். பாதிக்கு மேல் அந்தந்த வீட்டின் முதல் பட்டதாரிகள். முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கான கட்டணச் சலுகை 2010-இல் வந்தது. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கான 7.5 விழுக்காடு ஒதுக்கீடு 2021 முதல் பொறியியலுக்கும் கிடைக்கிறது. கல்லூரிக்குள் நுழையும் வழி திறந்திருக்கிறது. படிப்பிலும் சூட்டிகையிலும் இவர்கள் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை. இவர்களுக்குக் குறை ஒன்றுதான்: வெளியே ஆள் தெரியாது.

நகரத்தில் படித்த குடும்பத்துப் பிள்ளைக்குச் சித்தப்பா ஒருவர் கம்பெனியில் இருப்பார், அக்கா ஒருத்தி வெளிநாட்டில் மேற்படிப்பு படிப்பாள், அப்பாவின் நண்பர் மின்வாரியத்தில் இருப்பார். எந்தப் பாடத்தை எடுக்கலாம், எங்கே இன்டர்ன்ஷிப் கேட்கலாம், எந்தத் தேர்வுக்கு எப்போது தயாராகலாம் என்பதெல்லாம் சாப்பாட்டு நேரப் பேச்சிலேயே காதில் விழுந்துவிடும். நம் பிள்ளைக்கு அந்தப் பேச்சு வீட்டில் கிடைக்காது. நிலம், நகைபோல அறிமுகமும் தலைமுறை தலைமுறையாகக் கைமாறும் சொத்து. அதை வீட்டிலிருந்து பெறாத பிள்ளைக்குக் கல்லூரிதான் சேர்த்துக் கொடுக்க வேண்டும். கல்லூரிக்குள் அதற்குத் தோதான இடம் மாணவர் மன்றம். தலைமைப் பயிற்சி என்று நான் செய்துவரும் வேலை முழுவதும் இந்த ஒரு நம்பிக்கையின் மேல்தான் நிற்கிறது.

மன்றம் என்பது என்ன

பொறியியல் கல்லூரிக்கு வெளியே இருப்பவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். ஒவ்வொரு துறைக்கும் ஓர் அசோசியேஷன் உண்டு. அதற்கு மேல் தொழில்முறை அமைப்புகளின் மாணவர் கிளைகள். 1920-இல் தொடங்கி 1935-இல் அரச சாசனம் பெற்ற இந்தியப் பொறியாளர் நிறுவனம், 1965-இல் உருவான இந்தியக் கணினிச் சங்கம், தொழில்நுட்பக் கல்விக்கான ஐ.எஸ்.டி.இ., கார் செய்யும் ஆர்வமுள்ளவர்களுக்கு எஸ்.ஏ.இ. என்று பட்டியல் நீளும். எங்கள் துறைப் பிள்ளைகள் ஐ-ட்ரிபிள்-ஈ என்று சொல்லும் அமைப்பு, 1884-இல் தொடங்கிய அமெரிக்க மின்பொறியாளர் நிறுவனமும் 1912-இல் தொடங்கிய வானொலிப் பொறியாளர் நிறுவனமும் 1963 ஜனவரி 1-இல் ஒன்றாகச் சேர்ந்து உருவானது. இன்று 190-க்கும் மேற்பட்ட நாடுகளில் அதற்கு நான்கு லட்சத்துக்கும் அதிகமான உறுப்பினர்கள் இருக்கிறார்கள். இவற்றோடு 1969-இல் காந்தி நூற்றாண்டையொட்டித் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டம். இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேர சேவை, ஏழு நாள் கிராம முகாம். அந்த முகாமில் வேலை செய்துவிட்டு வந்த பிள்ளை மன்றத்தில் எந்தப் பொறுப்பைக் கொடுத்தாலும் தயங்குவதில்லை என்பதைத் தொடர்ந்து பார்த்துவருகிறேன்.

ஐ-ட்ரிபிள்-ஈ மாணவர் கிளை தொடங்க ஒரு சிறு மாணவர் குழு போதும், கூட ஓர் ஆசிரியர். இத்தனை பெரிய அமைப்பின் கிளையை இத்தனை சிறிய குழு ஒரு கிராமத்துக் கல்லூரியில் தொடங்கிவிடலாம் என்பதை வாலண்டியர்களிடம் ஒவ்வொரு முறையும் அழுத்திச் சொல்கிறேன். கள்ளிக்குடியில் இருக்கும் பிள்ளையும் டோக்கியோவில் இருக்கும் பிள்ளையும் அந்த உறுப்பினர் பட்டியலில் ஒரே மாதிரிதான் இருக்கிறார்கள். அட்டை கையில் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு யாரிடம் போய் என்ன பேசுவது என்பதற்குத்தான் பயிற்சி வேண்டும்.

தலைமைப் பயிற்சி என்ற பெயரில் பெரும்பாலும் நடப்பது எல்லோருக்கும் தெரியும். ஏ.சி. அரங்கம், ஊக்கப் பேச்சாளர், பேப்பர் கப் அடுக்கும் விளையாட்டு, சான்றிதழ், குரூப் போட்டோ. பிள்ளைகள் அன்றைக்குச் சந்தோஷமாக இருப்பார்கள். திங்கட்கிழமை காலை ஹெச்.ஓ.டி.யிடம் ஹால் அனுமதி கேட்கப் போகும்போது அந்தப் பேச்சில் ஒரு வரிகூட உதவிக்கு வராது. அதனால் என் பயிற்சியில் பேச்சு குறைவு. ஐந்து வேலைகள் மட்டும் செய்து பழகுகிறோம்: கேட்பது, கூட்டம் நடத்துவது, கணக்குக் கொடுப்பது, ஆள் தெரிந்துகொள்வது, ஒப்படைப்பது. இந்த ஐந்தும் கைவந்தவரைத் தலைவர் என்று யாரும் அறிவிக்கத் தேவையில்லை.

கேட்பது

முதல் வேலை போன் பேசுவது. கேட்டால் சின்ன விஷயமாகத் தெரியும். நாள் முழுக்கக் கையில் போன் வைத்திருக்கும் பிள்ளைகள், முன்பின் தெரியாத ஒரு பெரியவரை அழைத்துப் பேசச் சொன்னால் வேர்த்துப்போகிறார்கள். வாட்ஸ்அப்பில் 'ஹாய் சார்' என்று அனுப்பிவிட்டுப் பதில் வரவில்லை என்று உட்கார்ந்திருப்பார்கள்.

மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி. அவளுடைய கல்லூரி மன்றத்துக்கு அனல்மின் நிலையத்தில் வேலை பார்க்கும் ஒரு பொறியாளரை அழைக்க வேண்டும். எண்ணை யாரோ கொடுத்திருந்தார்கள். "சார், என்ன சொல்லி ஆரம்பிக்கணும்?" என்றாள். எல்லோரையும் நோட்டை எடுக்கச் சொன்னேன். வணக்கம், என் பெயர், என் கல்லூரி, உங்கள் எண்ணைக் கொடுத்தவர் பெயர், இப்போது இரண்டு நிமிடம் பேசலாமா. இந்த ஐந்தும் முதலில். அதன்பின் என்ன வேண்டும், எந்தத் தேதி, எத்தனை பேர் கேட்பார்கள், எந்தத் தலைப்பு, போக்குவரத்துக்கு நாங்கள் என்ன ஏற்பாடு செய்வோம். எழுதியதை இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து பேசிப் பார்த்தார்கள். அடுத்து அவள் ஸ்பீக்கரில் போட்டு நிஜமாகவே அழைத்தாள்.

எதிர்முனையில் பெரிய இரைச்சல். "யாரும்மா?" என்றார். அவள் எழுதியதைப் பார்த்துத்தான் படித்தாள், குரல் நடுங்கியது. மூன்றாவது வரியில் அவர் குறுக்கிட்டார். "திருமங்கலமா? எங்கம்மா ஊரு செக்கானூரணிப் பக்கந்தான். இப்ப டியூட்டில இருக்கேன்மா, ஞாயித்துக்கிழமை பத்து மணிக்குக் கூப்பிடுங்க." அவ்வளவுதான். அவள் நோட்டில் 'ஞாயிறு 10' என்று எழுதி அதைச் சுற்றி வட்டம் போட்டாள். ஞாயிற்றுக்கிழமை சரியாகப் பத்து மணிக்கு அழைத்தாள். அவர் வந்தார், பேசினார். பாய்லர் ட்யூப் வெடித்தால் கட்டுப்பாட்டு அறையில் முதல் ஐந்து நிமிடம் என்ன நடக்கும் என்று எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாததைச் சொன்னார். அடுத்த கோடையில் அவளுடைய துறையில் சிலருக்கு இன்-பிளான்ட் டிரெயினிங் எங்கே, எப்படி விண்ணப்பிப்பது என்று வழிகாட்டியதும் அவர்தான்.

இரண்டாவது பாடம், கேட்கப் போகும்போது கொடுக்கவும் ஏதாவது இருக்க வேண்டும் என்பது. எங்கள் வட்டாரத்தில் ஸ்பான்சர் கேட்க முதலில் போகிற இடம் கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டை. சிம்போசியம் என்ற கல்லூரி விழாவின் நோட்டீஸையும் கையெழுத்து வாங்கிய லெட்டரையும் தூக்கிக்கொண்டு நான்கு பேர் போய் நிற்பார்கள். ஒரு லேத் பட்டறை முதலாளி மாணவர்களிடம் நேராகவே கேட்டார்: "வருசா வருசம் வர்றீங்க, காசு வாங்கிட்டுப் போறீங்க. பேனர்ல பேர் போடுறீங்க. அந்த பேனரைப் பார்த்து எனக்கு எவன்ப்பா ஆர்டர் குடுப்பான்?"

நியாயமான கேள்வி. குழுவில் இருந்த மின்னியல் மாணவன் சுவரில் மாட்டியிருந்த மீட்டர் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான். "அண்ணே, கரன்ட் பில்லுல பவர் ஃபேக்டர் அபராதம் வருதாண்ணே?" என்றான். வருகிறது என்றார். மோட்டார் ஓடும் பட்டறைகளில் மின்னோட்டம் மின்னழுத்தத்துக்குப் பின்தங்கும். பவர் ஃபேக்டர் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் மின்வாரியம் கூடுதல் கட்டணம் போடும். சரியான அளவில் கெபாசிட்டர் பொருத்தினால் அது சரியாகும். இது இரண்டாம் ஆண்டுப் பாடம். அடுத்த வாரம் ஆசிரியரைக் கூட்டிக்கொண்டு, கல்லூரி ஆய்வக மீட்டரோடு போய் அளந்தார்கள். எந்த மெஷினில் கெபாசிட்டர் செத்துக் கிடக்கிறது என்று எழுதிக் கொடுத்தார்கள். உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனை வைத்து அவர் மாற்றிக்கொண்டார். அன்றிலிருந்து அந்தப் பட்டறை மாணவர்களின் ப்ராஜக்ட்டுக்குப் பாகம் கடைந்து கொடுக்கிறது. அவர் வழியாகப் பக்கத்துப் பட்டறைகளும் கதவைத் திறந்தன.

நெட்வொர்க்கிங் என்றால் விசிட்டிங் கார்டு கொடுப்பது, லிங்க்ட்இன்னில் ஆள் சேர்ப்பது என்று பிள்ளைகள் நினைத்துக்கொண்டு வருகிறார்கள். நம் ஊரில் இதற்குக் கொடுக்கல் வாங்கல் என்று எப்போதோ பெயர் வைத்துவிட்டார்கள். பெரியவர்களுக்குக் கொடுக்க மாணவனிடம் எதுவும் இல்லை என்பது பொய். நேரம் இருக்கிறது, படித்த பாடம் இருக்கிறது, ஆய்வகம் இருக்கிறது. அதைக் கண்டுபிடித்துக் கொடுக்கச் சொல்வதுதான் என் பயிற்சியின் பெரும்பகுதி.

கூட்டம் நடத்துவது

மன்றக் கூட்டம் என்றால் வகுப்பு முடிந்து நாலு மணிக்குக் கூடுவது. நாலரைக்குக் கல்லூரிப் பேருந்து கிளம்பிவிடும். விடுதியில் இருக்கும் பையன்கள் மட்டும் ஆறு மணி வரை உட்கார்ந்து எல்லாவற்றையும் முடிவு செய்வார்கள். பேருந்தில் போகும் பெண்களுக்கு மறுநாள் கோலம் போடுவது, வரவேற்பில் சந்தனம் பன்னீர் வைப்பது, தாம்பூலத் தட்டு ஏந்துவது என்று வேலை ஒதுக்கப்பட்டிருக்கும். இதை மாற்றாமல் தலைமை பற்றிப் பேசுவதில் அர்த்தம் இல்லை. எனவே கூட்டம் 25 நிமிடம்தான், முடிவு எல்லாம் பேருந்து கிளம்புமுன் எடுக்கப்பட வேண்டும், அதன்பின் எடுத்த முடிவு செல்லாது என்று விதி வைக்கச் சொல்கிறேன். இந்த ஒரு விதியை ஏற்ற மன்றங்களில் அடுத்த ஆண்டே பெண்கள் செயலாளராகவும் தலைவராகவும் வந்தார்கள். பேசும் இடத்தில் இருந்தால் பொறுப்பு தானாக வரும்.

25 நிமிடத்தில் முடிக்க ஒரு முறை வேண்டும். 1924-இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் ரால்ஃப் ஸ்மெட்லி தொடங்கிய டோஸ்ட்மாஸ்டர்ஸ் சங்கத்தில் பேச்சாளருக்குப் பச்சை, மஞ்சள், சிவப்பு அடையாளம் காட்டுவார்கள். அதை எடுத்துக்கொண்டேன். மூன்று வண்ணச் சார்ட் அட்டை, ஒரு கைக்கடிகாரம். ஒருவர் நேரம் காட்டுவார், ஒருவர் தீர்மானம் எழுதுவார், ஒருவர் நடத்துவார். அடுத்த கூட்டத்தில் இந்த மூன்று வேலையும் வேறு மூன்று பேருக்குப் போகும். தீர்மானப் புத்தகத்தில் மூன்று கட்டம்தான்: என்ன வேலை, யார், எந்தத் தேதிக்குள். 'எல்லோரும் சேர்ந்து பார்த்துக்கொள்வது' என்று எழுத அனுமதி இல்லை. ஒரு வேலைக்கு ஒரே பெயர்.

மொழி பற்றியும் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில்தான் கூட்டம் நடத்த வேண்டும் என்று வைத்தால், பேசுகிறவர் மூன்று பேர், கேட்கிறவர் முப்பது பேர் என்று ஆகிவிடும். நான் தமிழில் நடத்தச் சொல்கிறேன். வாதம், யோசனை, எதிர்ப்பு எல்லாம் தமிழில். முடிந்ததும் அதைக் கடிதமாகவும் மின்னஞ்சலாகவும் ஆங்கிலத்தில் எழுதுவது தனிப் பயிற்சி. அண்ணா பல்கலைக்கழகம் 2010-இல் சிவிலும் மெக்கானிக்கலும் தமிழ் வழியில் தொடங்கியது. அந்தப் பிள்ளைகளோடு பேசியவர்களுக்குத் தெரியும், கருத்தில் அவர்கள் எவ்வளவு தெளிவு என்பது. தெளிவாக யோசித்தவனுக்கு ஆங்கிலக் கடிதம் எழுதக் கற்றுக்கொடுப்பது எளிது.

கணக்குக் கொடுப்பது

திருமங்கலத்திலிருந்து ராஜபாளையம் சாலையில் போனால் டி.கல்லுப்பட்டி வரும். அங்கே காந்தி நிகேதன் ஆசிரமம் இருக்கிறது. ஜே.சி. குமரப்பா தம் கடைசி ஆண்டுகளை அங்கேதான் கழித்தார், 1960 ஜனவரி 30-இல் காலமானார். 1892-இல் தஞ்சையில் பிறந்து, லண்டனில் கணக்குத் தணிக்கை பயின்று, அமெரிக்காவில் சிராக்யூஸிலும் கொலம்பியாவிலும் படித்துவிட்டு, நல்ல வருமானம் வந்துகொண்டிருந்த தொழிலை விட்டுக் காந்தியோடு சேர்ந்தவர்.

1934 ஜனவரியில் பிகாரில் பெரும் நிலநடுக்கம். நிவாரண நிதியின் கணக்கைக் குமரப்பாவிடம் ஒப்படைத்தார்கள். அவர் தொண்டர்களின் ஒரு நாள் சாப்பாட்டுச் செலவுக்கு மூன்று அணா என்று வரம்பு வைத்தார். காந்தி தம் குழுவோடு அங்கே வந்தபோது, அந்தக் குழுவின் செலவை நிவாரண நிதியிலிருந்து தர முடியாது என்று குமரப்பா சொல்லிவிட்டார். காந்தி அதை ஏற்றுக்கொண்டார். மக்கள் கொடுத்த பணத்துக்கு முன்னால் தலைவர், தொண்டர் என்ற வித்தியாசம் கிடையாது என்று காட்டிய மனிதர் நம் பக்கத்து ஊரில் வாழ்ந்தார். பயிற்சியில் இந்தச் சம்பவத்தை நான் சொல்லாமல் விடுவதில்லை. முடிந்தபோது ஆசிரமத்துக்கே அழைத்துப் போகிறேன்.

அதன்பின் பில் புத்தகத்தைத் திறக்கிறோம். சிம்போசியத்துக்குப் பதிவுக் கட்டணம் தலைக்கு இத்தனை என்று வாங்குகிறார்கள். சாப்பாட்டு டோக்கன், ஃப்ளெக்ஸ், மெமெண்டோ, பொன்னாடை, ஆட்டோ, ஜெராக்ஸ் என்று செலவு. ஆட்டோவுக்கும் டீக்கும் பில் கிடைக்காது. அதற்கு வவுச்சர் எழுதிக் கையெழுத்து வாங்குவது எப்படி என்று கற்றுத்தருகிறேன். பணம் ஒருவர் கையில், பதிவு வேறொருவர் கையில் இருக்க வேண்டும். நிகழ்ச்சி முடிந்த ஏழாம் நாள் வரவு செலவை ஒரே தாளில் எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்ட வேண்டும். பணம் கொடுத்த ஒவ்வொருவருக்கும் அதன் நகலை அனுப்ப வேண்டும். கணக்கு வந்துசேர்ந்த முதலாளி மறு ஆண்டு கேட்பதற்கு முன்பே 'எப்பப்பா உங்க விழா?' என்று கேட்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பத்தொன்பது வயதில் பொதுப்பணத்தைத் தொட்டுவிட்டுச் சுத்தமான கையோடு எழுந்து வந்த பிள்ளைக்கு, பிறகு எந்தப் பதவிக்குப் போனாலும் அந்தப் பழக்கம் கூடவே வரும்.

ஆள் தெரிந்துகொள்வது

மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1973-இல் ஒரு கட்டுரை எழுதினார். பாஸ்டனுக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் வேலை மாறியவர்களைக் கேட்டு ஆராய்ந்ததை அதில் சொல்கிறார். தெரிந்தவர் மூலமாக வேலை கிடைத்தவர்களில், அடிக்கடி பார்க்கும் நெருங்கியவர் மூலம் பெற்றவர்கள் ஆறில் ஒரு பங்குதான். மற்றவர்களுக்கு உதவியது எப்போதாவது பார்க்கும், ஏறக்குறைய மறந்தே போயிருந்த அறிமுகங்கள். காரணம் எளிது. நெருங்கிய நண்பனுக்குத் தெரிந்ததெல்லாம் நமக்கும் தெரிந்திருக்கும். தூரத்து ஆளிடம்தான் புதுச் செய்தி இருக்கும்.

இதை நம் பிள்ளைகளுக்குப் பொருத்திப் பாருங்கள். நான்கு ஆண்டும் ஒரே பெஞ்ச், ஒரே பேருந்து, ஒரே வாட்ஸ்அப் குழு. உயிரைக் கொடுக்கும் நட்புதான், ஆனால் எல்லோருக்கும் ஒரே செய்திதான் தெரியும். அதனால்தான் பல கல்லூரி வாலண்டியர்களை ஒரே இடத்தில் கூட்டுகிறோம். இங்கே ஒரு சிக்கல் உண்டு. ஒவ்வொரு கல்லூரிக் குழுவும் ஒரே ஐ.டி. கார்டு கயிற்று நிறத்தில் ஒரே வரிசையில் போய் உட்கார்ந்துகொள்ளும். மாலையில் வந்தபடியே திரும்பிப் போகும். அதைக் கலைப்பதற்காகக் காலையிலேயே எண் கொடுத்து மேசை பிரிக்கிறோம். ஒரு மேசையில் ஒரு கல்லூரியிலிருந்து ஒருவர்தான். மதியச் சாப்பாடும் அதே மேசையில்.

ஒவ்வொருவருக்கும் ஒரு தாள். மூன்று புதியவர்களிடம் பேசி, பெயர், ஊர், மன்றம், அவர்களுக்கு இப்போது என்ன தேவை, தன்னால் அதில் என்ன செய்ய முடியும் என்று எழுத வேண்டும். ஒரு கல்லூரியில் ட்ரோன் பட்டறை நடத்த ஆள் தேவை. இன்னொரு கல்லூரியில் ட்ரோன் செய்த குழு இருக்கிறது, அவர்களுக்குப் பறக்கவிடத் திடல் இல்லை. இரண்டு பேரும் ஒரே மேசையில் சாம்பார் சாதம் சாப்பிடும்போது அது பேச்சில் வந்துவிடும். இரண்டு நாளுக்குள் அந்த மூன்று பேருக்கும் ஒரு செய்தி அனுப்ப வேண்டும். 'நேற்று உங்களைச் சந்தித்ததில் மகிழ்ச்சி' என்று மட்டும் அனுப்பினால் போதாது. பேசியதில் ஒரு விஷயத்தை எடுத்து அடுத்து என்ன செய்யலாம் என்று எழுத வேண்டும்.

வந்து பேசிய விருந்தினருக்கும் இதே விதிதான். பொன்னாடை போர்த்திக் காரில் ஏற்றி அனுப்புவதோடு நன்றி முடிந்துவிடாது. ஒரு வாரத்துக்குள் புகைப்படத்தோடு ஒரு கடிதம், அவர் சொன்னதில் எதை மாணவர்கள் செய்து பார்த்தார்கள் என்று இரண்டு வரி. ஆறு மாதம் கழித்து எந்த உதவியும் கேட்காமல் இன்னொரு கடிதம். இப்படி எழுதப் பழகிய பிள்ளைகளுக்குப் பெரியவர்கள் தாங்களாகவே வேலை அறிவிப்புகளை அனுப்பத் தொடங்குகிறார்கள்.

வெளியூர் கூட்டங்களுக்குப் பெண்களை அனுப்ப வீட்டில் தயங்குவார்கள். "புள்ளையத் தனியா எப்படி சார் அனுப்புறது?" என்று கேட்கும் அப்பாவின் கவலை உண்மையானது, அதை மதிக்க வேண்டும். எங்கே, யாருடன், எந்தப் பேருந்தில் திரும்புவது, உடன் வரும் ஆசிரியையின் போன் எண் என்று ஒரு பக்கத் தமிழ்க் கடிதம் எழுதி வாலண்டியரே வீட்டில் படித்துக் காட்ட வேண்டும் என்று வைத்திருக்கிறோம். முதல் தடவை அனுமதி கிடைத்துவிட்டால், அடுத்த தடவை அந்த அப்பாவே திருமங்கலம் பேருந்து நிலையத்துக்கு வண்டியில் கொண்டுவந்து விட்டுப் போகிறார்.

ஒப்படைப்பது

பெரும்பாலான மன்றங்கள் ஆகஸ்டில் படுத்துவிடும். நான்காம் ஆண்டு தொடங்கியதும் பிளேஸ்மென்ட், ப்ராஜக்ட் என்று தலைவரும் செயலாளரும் ஓடுவார்கள். தொடர்புகள் அவர்கள் போனில், கடிதங்கள் அவர்கள் மடிக்கணினியில். புதியவர்கள் மறுபடி முதல் படியிலிருந்து ஏறுவார்கள். போன ஆண்டு வந்த விருந்தினரையே அறிமுகமில்லாதவர்போல மறுபடி அழைப்பார்கள்.

அதற்கு மருந்து ஒப்படைப்புக் கோப்பு. விருந்தினர் எண்கள், அவர்களை அறிமுகப்படுத்தியவர் யார், கடைசியாக எப்போது பேசினோம், பந்தல்காரர், சமையல்காரர், ஃப்ளெக்ஸ் கடை, அனுமதிக் கடிதங்களின் நகல், கணக்குத் தாள், எந்த நிகழ்ச்சிக்கு எத்தனை பேர் வந்தார்கள். பொறுப்பை மூன்றாம் ஆண்டின் முடிவில் கைமாற்ற வேண்டும். அதற்கு முன் ஒரு மாதம் பழையவரும் புதியவரும் சேர்ந்தே வேலை பார்க்க வேண்டும். அந்த மாதத்தில் பழைய செயலாளர் தம் தொடர்புகள் ஒவ்வொருவரையும் அழைத்து, "அண்ணா, இனிமே இவன்தான் உங்களுக்குப் பேசுவான்" என்று போனைத் தம்பி கையில் கொடுக்க வேண்டும். அந்த ஒரு நொடியில் கைமாறுவதுதான் நான் முதலில் சொன்ன சொத்து.

ஒரு மன்றத் தலைவர் எப்படிப்பட்டவர் என்று தீர்ப்புச் சொல்ல அவர் நடத்திய விழாவைப் பார்க்க மாட்டேன். அவர் போன பிறகு அடுத்த ஆண்டு மன்றம் எப்படி நடக்கிறது என்று பார்ப்பேன். வேறு அளவுகோல் எனக்கு இல்லை.

கல்லூரி நிர்வாகங்களுக்கு ஒரு வேண்டுகோள். மன்றத்துக்கு வாரத்தில் ஒரு மணி நேரத்தைக் கால அட்டவணைக்குள்ளேயே வையுங்கள். பேருந்தில் வரும் பிள்ளைகளுக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை. பொறுப்பாசிரியருக்கு அந்த நேரத்தைப் பணியாகக் கணக்கிடுங்கள். பெற்றோருக்கு: மன்ற வேலை படிப்பைக் கெடுக்கும் என்று பயப்படாதீர்கள். நீங்கள் விட்டுச்செல்ல முடியாத ஒன்றை உங்கள் பிள்ளை அங்கே சேர்த்துக்கொண்டிருக்கிறது.

இந்தப் பக்கத்திலிருந்து படித்துப் போய் இன்று நல்ல வேலையில் இருக்கும் பொறியாளர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்து, "வணக்கம் சார், நான் திருமங்கலத்துப் பக்கத்து இன்ஜினீயரிங் காலேஜ்ல இருந்து பேசுறேன்" என்று ஒரு குரல் தயங்கித் தயங்கித் தொடங்கினால், வைத்துவிடாதீர்கள். வேலையாக இருந்தால் எப்போது அழைக்கலாம் என்று நேரம் சொல்லுங்கள். அந்தப் பிள்ளை சொன்ன நேரத்துக்குக் கட்டாயம் அழைக்கும்.